ஒன்பது வருஷக் கணக்கு: அழிப்பதா, பிரிப்பதா?

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஓர் ஊரில் உரக்கடை நடத்தும் சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஊர், பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா ஆரம்பித்த கடை. உரம், விதை, பூச்சிமருந்து, கொஞ்சம் தெளிப்பான் உதிரிபாகம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு ‘கம்பெனி’ (அதாவது கடையின் முழுக் கணக்குக் கோப்பு) திறந்திருக்கிறார்கள். இன்றுவரை அதே கம்பெனிதான், அதே பில் நம்பர் வரிசைதான். பதிவுகள் ஒன்றரை லட்சத்தை நெருங்கிவிட்டன. காலையில் கணக்கைத் திறக்க ஆறு நிமிஷம் ஆகிறது. சம்பா உர நேரத்தில் கடையில் பத்துப் பேர் நிற்க, ஒரு விவசாயியின் பாக்கியைப் பார்க்க இரண்டு நிமிஷம். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே அப்பா உட்காரும் இடத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே வைஃபை. போன கார்த்திகையில் பில் போடும்போது கரண்ட் போய், மறுபடி திறந்தால் டேட்டாவில் பிழை என்று வந்திருக்கிறது. ரிப்பேர் செய்து எடுத்தார்கள். இரண்டு பில்லைக் காணோம்.

இப்போது ஆளுக்கொரு யோசனை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், 85,000 ரூபாய்க்கு சர்வர் வாங்குங்கள் என்கிறார். தம்பி, ‘ஆறு வருஷம் வைத்தால் போதும், 2021-க்கு முந்தியதை எல்லாம் டெலிட் பண்ணிவிடலாம்’ என்கிறார். தெரிந்த கணக்கர் ஒருவர், புதுக் கம்பெனி திறந்து ஓப்பனிங் பேலன்ஸை டைப் அடித்துக்கொள்ளச் சொல்கிறார். அப்பாவோ, ‘கஜா புயல் வருஷத்துப் பாக்கியே இன்னும் வரவில்லை, எதையும் தொடாதே’ என்று நிற்கிறார். ‘யார் சொல்வது சரி?’ என்பது சகோதரியின் கேள்வி.

சகோதரி, உங்கள் அப்பா சொல்வதில்தான் பாதி சரி இருக்கிறது. மற்ற மூவரும் நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுகிறார்கள். ஒன்றரை லட்சம் பதிவு என்பது டேலிக்குத் தாங்க முடியாத சுமை இல்லை. கும்பகோணத்தில் என்னிடம் வரும் ஒரு மளிகை மொத்த வியாபாரி இரண்டே வருஷத்தில் அவ்வளவு போடுகிறார். அவர் கணக்கு ஓடுகிறது. ஆகவே முதலில் உங்கள் கணக்கில் பெருத்தது எது என்று பார்ப்போம்.

பெருத்தது எது?

உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: ‘விவசாயிகள் கொடுக்கிற பணத்தை அப்பா மொத்தமாக வரவு வைத்துவிடுவார்.’ எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

ஒரு விவசாயி குறுவைக்கும் சம்பாவுக்குமாகப் பதினான்கு தடவை வந்து உரம், மருந்து எடுக்கிறார். பதினான்கு கடன் பில். தை, மாசியில் நெல்லை டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்) போட்டு, பணம் வங்கியில் ஏறியதும் வந்து இருபதாயிரம் கொடுக்கிறார். அப்பா எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல், ‘ஆன் அக்கவுண்ட்’ என்று ஒரே வரவாகப் போடுகிறார். விவசாயியின் நிகர பாக்கி சரியாகத்தான் காட்டும். ஆனால் உள்ளே பதினான்கு பில்லும் தீராத பில்லாகவே நிற்கும். எதிரே இருபதாயிரம் தனியாக நிற்கும். மறு வருஷம் இன்னொரு பதினான்கு. நானூறு விவசாயி, ஒன்பது வருஷம் என்று பெருக்கிப் பாருங்கள். எப்போதோ பணம் வந்து முடிந்த பில்களைத்தான் ஒவ்வொரு தடவை பாக்கி பார்க்கும்போதும் உங்கள் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஒரு தேதியை வைத்துக் கணக்கைப் பழையது, புதியது என்று இரண்டு கம்பெனியாகப் பிரித்தாலும் இந்தச் சுமை உங்களை விடாது என்பதுதான் இதில் மோசம். கம்பெனியைப் பிரிக்கும்போது தீராத பில் எல்லாம் அப்படியே புதுப் பக்கத்துக்கு வந்துவிடும். ஃபைல் இளைக்கும், பாக்கிப் பட்டியல் இளைக்காது. கல்லாவில் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் ஆகலாம், அவ்வளவுதான்.

அடுத்தது பெயர்கள். பாபநாசம் பக்கம் இதே மாதிரி ஒரு கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரே விவசாயி நான்கு லெட்ஜரில் இருந்தார். வெறும் பெயராக ஒன்று, இனிஷியலோடு ஒன்று, ஊர்ப்பெயரோடு ஒன்று, ‘மேலத்தெரு பெரியவர்’ என்று ஒன்று. கல்லாவில் யார் உட்கார்ந்தார்களோ அவரவர் கூப்பிடுகிற பெயரில் திறந்திருக்கிறார்கள். பெரியவர் இரண்டில் கடன்காரர், ஒன்றில் முன்பணம் கொடுத்தவர். உங்கள் கடையிலும் இருக்கும். கைபேசி எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

பூச்சிமருந்தின் பேட்ச் விவரத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். காலாவதித் தேதி அதில்தான் இருக்கிறது. வேளாண் அதிகாரி வந்து கேட்பதும் அதைத்தான். ஆனால் வாஷர், நாசில் போன்ற சில்லறைக்கு நாளைக்கு முப்பது பில் தனித்தனியாகப் போடுகிறீர்கள் என்றால் அது வேண்டாத வேலை. 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, பில்லும் கேட்கவில்லை என்றால், அன்றைய மொத்தத்துக்கு ஒரே பில் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

சர்வர் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைக்கு வேண்டாம். வைஃபையை எடுத்துவிட்டு இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரை ஒவ்வொரு நொடியும் துழாவுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யூபிஎஸ் இரண்டு கம்ப்யூட்டருக்கும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் அந்த வைஃபை பெட்டிக்கு இருக்கிறதா? கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் இரண்டும் உயிரோடு இருக்க, நடுப்பெட்டி மட்டும் செத்துப்போனால் பாதி எழுதிய பில் பாதியில் நிற்கும். கார்த்திகையில் உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது. இத்தனையும் சேர்த்தாலும் 85,000-இல் ஒரு சிறு பங்குதான் வரும்.

தம்பி சொல்லும் ஆறு வருஷம்

தம்பி எங்கோ சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார், எண்ண ஆரம்பித்த இடம்தான் தவறு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்வது 72 மாதம். அதை அந்த நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்னுக்குக் கடைசி நாள் எதுவோ, அதிலிருந்து எண்ண வேண்டும்.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். 2019-20-ஆம் ஆண்டு 2020 மார்ச் 31-இல் முடிந்தது. தம்பி கணக்கில் இந்த 2026 மார்ச்சோடு ஆறு வருஷம் சரி. ஆனால் அந்த ஆண்டு வருடாந்தர ரிட்டர்னுக்குக் கடைசி நாளை 2021 மார்ச் 31 வரை நீட்டினார்கள். ஆகவே 2027 மார்ச் 31 வரை அந்தக் கணக்கு உங்களிடம் இருந்தாக வேண்டும். 2020-21-க்குக் கடைசி நாள் 2022 பிப்ரவரி 28. அது 2028 பிப்ரவரி வரை. 2018-19-கூட இந்த டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஏதாவது ஓர் ஆண்டு பற்றி நோட்டீஸ், மேல்முறையீடு நடந்தால், அது முடிந்து ஒரு வருஷம் வரை, அல்லது இந்த 72 மாதம், எது பிந்தியதோ அதுவரை. வருமான வரிக்குக் கால எல்லை வேறு. தொகை பெரிதானால் நீளும். இதையெல்லாம் ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கொண்டிருக்காமல், எட்டு வருஷம் கைவைக்காதீர்கள் என்றுதான் நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வது.

சரி, காலம் முடிந்தே போனாலும் டெலிட் செய்யலாமா? கூடாது. ஏன் என்று ஒரு விவசாயியை வைத்துச் சொல்கிறேன். 2019 புரட்டாசியில் 18,400 ரூபாய்க்கு எடுத்தார். தையில் 12,000 கொடுத்தார். மீதி 6,400. அதை 2022 மாசியில் கொடுத்துத் தீர்த்தார். கணக்கு நேர். இப்போது 2021-க்கு முந்திய பதிவுகளைத் தம்பி அழிக்கிறார். 18,400 போயிற்று, 12,000 போயிற்று. மிஞ்சியது 2022-இல் வந்த 6,400 வரவு மட்டும். டேலியைக் கேட்டால், நீங்கள்தான் அந்த விவசாயிக்கு 6,400 தர வேண்டும் என்று சொல்லும்! இப்படி நானூறு பேர். வங்கி இருப்பு, சரக்கு இருப்பு எல்லாமே இப்படித்தான் உருளும். நீங்கள் வருமான வரிக்கு ஏற்கெனவே கொடுத்த ஐந்தொகைக்கும் (பேலன்ஸ் ஷீட்) கம்ப்யூட்டரில் இருப்பதற்கும் அன்றோடு உறவு முறிந்துவிடும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ‘எடிட் லாக் சட்டம் கம்பெனிகளுக்குத்தானே, எங்களுக்கு இல்லையே?’ பாதி உண்மை. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான அந்தத் தணிக்கைத் தடம் (எந்தப் பதிவை எப்போது திருத்தினோம் என்று மென்பொருளே குறித்து வைப்பது), கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்குத்தான். உங்களுடையது ஒருவர் பெயரில் நடக்கும் கடை, அது உங்களைத் தொடாது. ஆனால் ஜிஎஸ்டி விதி 56(8) எல்லாருக்கும் பொது. எழுதிய பதிவை அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்க வேண்டும் என்கிறது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுபதாயிரம் பதிவை நீக்கினால் அந்தக் குறிப்பில் என்ன எழுதுவீர்கள்?

டைப் அடிக்கும் யோசனை

புதுக் கம்பெனி திறந்து ஓப்பனிங் பேலன்ஸ் போடச் சொன்ன கணக்கர் தவறான ஆள் இல்லை. நம் பெரியவர்கள் செய்ததும் அதுதான். வருஷம் பிறந்தால் புதுக்கணக்கு. மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுப் புதுப் பேரேடு திறப்பார்கள். பழையது சிவப்புத் துணியில் மூட்டை கட்டிப் பரணுக்குப் போகும், ராமபாணப் பூச்சிக்கு. ஆனால் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை ‘முன் பாக்கி’ என்று தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. பழைய பேரேட்டின் பக்க எண்ணையும் பக்கத்தில் குறித்தார். தொகை எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க வழி இருந்தது.

கையால் டைப் அடிக்கும்போது போவது அந்த வழிதான். விவசாயி 2024 ஐப்பசியில் எடுத்த பில்லும், போன மாதம் எடுத்ததும் ஒரே தொகையாகி ‘1-4-2026’ என்ற தேதியில் உட்கார்ந்துவிடும். எந்தப் பாக்கி எவ்வளவு பழையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் உரக் கம்பெனிக்குத் தர வேண்டிய பில்களுக்கும் இதே கதி. சப்ளையர் பில்லுக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவை) திருப்பிக் கட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். தேதி தொலைந்தால் அந்த 180-ஐ எப்படி எண்ணுவது? டேலிக்குள்ளேயே பிரிக்கும் வசதி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

பிரிப்பதற்கு முன்

பிரிக்கும் தேதியாக 2025 ஏப்ரல் 1-ஐ வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏப்ரல் 1 வேண்டாம். காரணம், 2025-26 முடிந்துவிட்டாலும் அதன் கதவு இன்னும் சாத்தவில்லை. அந்த ஆண்டு விற்பனைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) காட்டவும், விட்டுப்போன உள்ளீட்டு வரியை எடுக்கவும் 2026 நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. வருடாந்தர ரிட்டர்ன் டிசம்பர் 31-க்கு. அதுவரை அந்த ஆண்டு, தினம் புழங்குகிற கம்பெனியிலேயே கைக்கெட்ட இருக்கட்டும். 2024-25-க்கு எல்லாம் முடிந்தாயிற்று, அது பரணுக்குப் போகலாம்.

முதல் வேலை, நான் மேலே சொன்ன தீராத பில்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விவசாயி விவசாயியாக, மொத்தமாக வந்த பணத்தைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். இங்கே தொகையை மாற்றுவதில்லை, எந்தப் பில்லுக்கு என்று சொல்கிறோம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது பேர் என்றாலும் மூன்று வாரம் ஆகும். அலுப்பான வேலை. ஆனால் உங்கள் இரண்டு நிமிஷத்தைக் குறைக்கப்போவது இதுதான், சர்வர் இல்லை. நான்கு பெயரில் இருக்கும் பெரியவரை நடப்பு ஆண்டில் ஒரு ஜர்னல் பதிவு போட்டு ஒரே லெட்ஜருக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஆண்டுப் பதிவுகளில் போய்ப் பெயரை மாற்ற வேண்டாம்.

கூடவே, இருப்பு மைனஸில் காட்டும் சரக்குகளைப் பாருங்கள். உரக்கடைகளில் இது நிறைய. லாரி வந்து மூட்டை இறங்கி விற்றும் போயிருக்கும், கொள்முதல் பில்லை மூன்று நாள் கழித்துத்தான் போட்டிருப்பீர்கள். பிரித்த பிறகு இரண்டு பக்கமும் ஒட்டாமல் போவதற்கு நான் பார்த்தவரை இதுதான் அதிகக் காரணம்.

பிறகு 2025 மார்ச் 31 தேதியிட்டு நான்கு பட்டியல் எடுங்கள்: ஐந்தொகை, விவசாயிகள் பாக்கி பில்வாரியாக, சப்ளையர்களுக்குத் தர வேண்டியது பில்வாரியாக, சரக்கு இருப்பு பேட்ச்வாரியாக. பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தொகையை மட்டும் அச்சடித்துக் கையெழுத்தும் போட்டு வையுங்கள்.

எக்ஸெலில் எடுத்தபோது பாதி வரிகள் காணாமல் போயின என்றீர்களே, அது டேலியின் குற்றம் இல்லை. பழைய வகை எக்ஸெல் ஃபைல் 65,536 வரியோடு நின்றுவிடும். புது வகை 10,48,576 வரி வரை தாங்கும். எதுவானாலும் ஒன்பது வருஷத்தை ஒரே ஃபைலில் கொட்டாமல் வருஷம் வருஷமாக எடுங்கள், கடைசி வரியின் தேதியைப் பாருங்கள்.

பிரிக்கும் நாள்

பேக்கப் எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ஐந்தொகை பைசா சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். பிரிக்கும் வேலையை முதலில் அந்த நகலில் செய்யுங்கள். ஆல்ட்–ஒய் அழுத்தினால் வரும் டேட்டா பட்டியலில்தான் பேக்கப், ரீஸ்டோர், ஸ்ப்ளிட் எல்லாம் இருக்கின்றன. முதலில் சரிபார்க்கும் கட்டம் வரும். எந்தெந்தப் பதிவு தொங்கலில் இருக்கிறது என்று அதுவே காட்டும். சரிசெய்துவிட்டுத் தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதிக்கு முந்தியது ஒரு கம்பெனி, பிந்தியது ஒரு கம்பெனி என்று இரண்டு வரும்.

உங்கள் கணக்கின் பருமனுக்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். நடுவில் யாரும் இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கக் கூடாது. கடை விடுமுறை நாளாகப் பார்த்து வையுங்கள்.

முடிந்ததும் அந்த நான்கு பட்டியலையும் இரண்டு பக்கமும் வைத்து ஒத்துப் பாருங்கள். பழைய கம்பெனியின் முடிவு இருப்பும் புதுக் கம்பெனியின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும், ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு பதிவைப் போட்டு மூடாதீர்கள். ஒரு ரூபாய் என்பது சில சமயம் 40,000 அதிகமும் 39,999 குறைவும் சேர்ந்த ஒரு ரூபாய். நகலில் சரியாக வந்த பிறகுதான் அசலில் கை வைக்க வேண்டும்.

பழைய கம்பெனிக்குக் கடவுச்சொல் போட்டு, பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். பிரிக்காத அசல் முழுக் கணக்கின் பேக்கப் ஒன்றைத் தனியாக முத்திரை வைத்த மாதிரி பத்திரப்படுத்துங்கள். 2021-22 பற்றி நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பில் நம்பரையும் இந்தச் சாக்கில் மாற்றலாம். ஒன்பது வருஷமாக ஓடும் ஒரே வரிசை தேவையில்லை. ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வராமல் இருந்தால் போதும், எழுத்தும் எண்ணும் சேர்த்து 16-க்கு மிகக் கூடாது. ஆனால் ஆண்டின் நடுவில் மாற்ற வேண்டாம். வருகிற ஏப்ரலில் ஆண்டு முன்னொட்டோடு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

அலமாரியில் இருக்கும் பென் டிரைவ்

இதை நீங்கள் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, ‘தினமும் ராத்திரி பென் டிரைவில் காப்பி எடுத்துக் கடை அலமாரியில் வைத்துவிடுவோம்’ என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நிம்மதியைக் கெடுத்தது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் என்னிடம் கணக்குப் பார்த்த ஒருவருக்கு அன்றைக்குக் கடையின் கூரை போயிற்று. கம்ப்யூட்டர் நனைந்தது. பேக்கப் இருந்த பென் டிரைவ் கல்லாப் பெட்டியில் இருந்தது, அதுவும் நனைந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக தீபாவளிக்கு முன்னால் எனக்கு மெயிலில் அனுப்பிய ஒரு பழைய பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகான பில்களை, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் இருந்த பில் நகலைப் பார்த்து எழுதினார். முழுசாகக் கிடைக்கவில்லை.

விபத்தாலோ இயற்கையாலோ பதிவுகள் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. டெல்டாவில் இருப்பவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்.

உங்கள் முறையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒரே பென் டிரைவில் தினமும் பழையதன் மேல் புதியதை எழுதுகிறீர்கள். இன்றைக்கு டேட்டா கெட்டால், ராத்திரி கெட்டதை எடுத்து நல்லதன் மேல் எழுதிவிடுவீர்கள். கிழமைக்கு ஒன்றாக ஏழு பேக்கப் வைத்து, அடுத்த வாரம் அதே கிழமையில் மட்டும் அதை மாற்றுங்கள். வாரம் ஒன்று ஊரை விட்டு வெளியே போகட்டும். கூகுள் டிரைவில் போடலாம்; போடுவது பேக்கப் ஃபைலாக இருக்க வேண்டும். தினம் ஓடுகிற டேட்டா ஃபோல்டரையே அதில் இணைத்துவிட்டால், நீங்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது பாதி எழுதிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகும். அப்படிக் கெட்ட கணக்குகள் வருஷத்துக்கு இரண்டாவது என் மேஜைக்கு வருகின்றன.

அப்பாவின் கஜா பாக்கி

பிரித்தால் அந்தப் பாக்கி போய்விடுமோ என்பது அவர் பயம். கணக்கிலிருந்து போகாது, பில் தேதியோடு புதுக் கம்பெனிக்கு வந்துவிடும். ஆனால் அது கம்ப்யூட்டரில் இருப்பதாலேயே வசூலாகிவிடாது என்பதையும் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடனாகக் கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம். தவணை பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து, பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. அந்த மூன்று வருஷத்துக்குள் விவசாயி ‘இவ்வளவு தர வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். 2018-க்கு அப்படி இடையில் எதுவும் வாங்கவில்லை என்றால் வழக்குக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போதும் அவர் மனசார, தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். எழுதித் தர மாட்டார், தரவும் மாட்டார் என்று அப்பாவுக்கே தெரிந்த பெயர்களை வாராக்கடன் என்று எழுதிவிடுங்கள். நீங்கள் உத்தேச வருமான முறையில் வரி கட்டாமல் முழுக் கணக்குக் காட்டுபவராக இருந்தால், எழுதிய ஆண்டின் வருமானத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த விற்பனைக்குக் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்ப வராது.

வழக்கமாக எழுதிவரும் கணக்குப் புத்தகம் சாட்சியமாகும், கம்ப்யூட்டர் கணக்கும் ஆகும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரர் ஆக்க முடியாது என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டமும் அதையேதான் சொன்னது. அதனால் அப்பா வைத்திருக்கும் அந்த நீளமான பற்று வரவு நோட்டைக் கேலி செய்ய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அதில் விவசாயியின் கையெழுத்து இருக்கிறது, டேலியில் இல்லை. இனி தை, மாசியில் பணம் கொடுக்க வருகிறவர்களிடம் மீதிப் பாக்கியை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்கும் வேலையை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். அவர் கேட்டால் போடுவார்கள், நீங்களோ நானோ கேட்டால் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்பார்கள்.

இப்போது சித்திரை. உளுந்து, பயறு முடிந்து கடை ஓய்வாக இருக்கும் நேரம். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்கு டிஏபி உரம் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிடும், பிறகு தை வரை உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. தீராத பில் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். வைகாசி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகலில் பிரித்துப் பாருங்கள், அடுத்த ஞாயிறு அசலில். புதுக் கம்பெனியில் முதல் பில் போடுவதற்கு முன், இரண்டு ஐந்தொகைகளையும் உங்கள் ஆடிட்டரிடம் காட்டி, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.